விளக்குக்கு 96 ஆடு: காணிக்கை அனுப்புறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி

 

இந்த வாரம் பாடம் கொஞ்சம் வேற மாதிரி. விரதம், வேல் வழிபாடு பத்தி இல்ல. நம்ம போன்ல தினமும் வந்து விழுற "அன்னதானத்துக்கு உதவுங்கள்", "குழந்தையின் உயிரைக் காப்பாற்றுங்கள்", "கோயில் திருப்பணிக்குப் பங்களியுங்கள்" மெசேஜ்களைப் பத்தி. எதுக்குக் குடுக்கலாம், எதுக்கு வேண்டாம், எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பாப்போம்.

முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடுறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி, ஆடிக் கிருத்திகை நேரம். திருத்தணிக்கு நடந்து போற பக்தர்களுக்கு வழியில பந்தல் போட்டு சாப்பாடு குடுக்கப் போறோம்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. மேல முருகன் படம், கீழ ஒரு க்யூஆர் கோடு. நான் 500 ரூபாய் அனுப்பிட்டு, நம்ம ஊர் குரூப்ல ஃபார்வர்ட் பண்ணேன். "நல்ல காரியம், முடிஞ்சவங்க பண்ணுங்க" அப்படின்னு ஒரு வரியும் சேத்தேன். அந்த ஒரு வரிதான் நான் பண்ண தப்பு.

அந்தக் குரூப்ல பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல வேலை பாக்குறவங்க. அதுல ஒரு அண்ணன், இரும்பு உருக்குற கம்பெனியில கான்ட்ராக்ட் தொழிலாளி. அவர் 1,000 ரூபாய் அனுப்பியிருந்தார். கிருத்திகை அன்னைக்கு அந்த மெசேஜ்ல சொன்ன இடத்துக்கு நாங்க நாலு பேர் பரிமாற உதவி பண்ணலாம்னு போனோம். பந்தல் இல்ல. ஃபோன் பண்ணோம். சுவிட்ச் ஆஃப்.

திரும்பி வந்து அந்த அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படல. "பரவாயில்ல தம்பி. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நீ போட்டிருந்த, அதான் அனுப்புனேன்"ன்னார். அந்த ஆயிரம் அவருக்கு ரெண்டு நாள் ஓவர்டைம். உலையோட சூட்டுல நின்னு சம்பாதிச்சது. அதை என் ஒரு வரியை நம்பி அனுப்பியிருக்கார்.

அவங்க ஏமாத்துனாங்களா, இல்ல வேற ஏதாவது காரணத்துல பந்தல் நின்னுபோச்சா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ரசீது இல்ல, பேரு இல்ல, கணக்கு இல்ல. ஒருவேளை அவங்க உண்மையிலேயே வேற இடத்துல சோறு போட்டிருந்தாகூட, அதை நிரூபிக்க அவங்ககிட்டயும் ஒண்ணும் இல்ல. கணக்கு இல்லாத இடத்துல திருடனைப் பிடிக்க முடியாதுங்கிறது ஒரு பக்கம். நல்லவனையும் அடையாளம் காட்ட முடியாதுங்கிறது இன்னொரு பக்கம்.

கணக்கு கேட்டா பக்தி குறையுமா?

நம்மள்ல நிறைய பேருக்கு இந்தத் தயக்கம் இருக்கு. "சாமி காரியம், கணக்கு கேக்கலாமா? குடுத்தோமா, மறந்தோமான்னு இருக்கணும்." எனக்கும் இருந்துச்சு. ஆனா நம்ம கோயில்களோட பழக்கத்தைப் பாத்தா விஷயம் நேர் எதிரா இருக்கு.

முதல்ல உண்டியல். அறநிலையத் துறை கோயில்கள்ல உண்டியலைத் திறக்குறப்போ அதிகாரிகள் முன்னாடி திறந்து, கோயில் மண்டபத்துல கொட்டி, பக்தர்களும் உக்காந்து எண்ணி, பணம் எவ்வளவு, தங்கம் எத்தனை கிராம், வெள்ளி எவ்வளவுன்னு வெளியில சொல்றாங்க. முருகன் சந்நிதியில விழுந்த காசையே எண்ணித்தான் எழுதுறாங்க. அப்புறம் முருகன் பேரைச் சொல்லி யாரோ வாங்குற காசுக்குக் கணக்கு கேட்டா எப்படித் தப்பாகும்?

இன்னும் பழசு ஒண்ணு இருக்கு. சோழர், பல்லவர் காலத்துக் கோயில் சுவர்கள்ல இருக்குற கல்வெட்டுகள்ல ரொம்ப அதிகமா வர்ற தானம், நந்தா விளக்கு. அணையாம எரியுற விளக்கு. ஒரு விளக்குக்கு 90 இல்ல 96 ஆடு குடுப்பாங்க. அந்த ஆடுகளை மன்றாடின்னு சொல்லப்பட்ட இடையர்கள் பொறுப்புல விடுவாங்க. அவங்க தினம் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். குட்டி போட்டு மந்தை பெருகிக்கிட்டே இருக்கும், அதனால எண்ணிக்கை குறையவே கூடாது. அதுக்கு "சாவா மூவாப் பேராடு"ன்னு பேரு. சாகவும் கூடாது, கிழடாகவும் கூடாது. எவ்வளவு நாளைக்கு? சந்திரனும் சூரியனும் இருக்குற வரைக்கும். இவ்வளவையும் கல்லுல வெட்டி, எல்லாரும் பாக்குற சுவர்ல வச்சாங்க. பல சிவன் கோயில் கல்வெட்டுகள் முடியுற இடத்துல "இது பன்மாகேஸ்வர ரக்ஷை"ன்னு இருக்கும். அப்படின்னா, இந்தத் தர்மத்தைக் காப்பாத்துற பொறுப்பு அடியார்கள் எல்லாருக்கும்.

நான் சாஃப்ட்வேர் வேலை பாக்குறவன். இந்தக் கல்வெட்டைப் பத்தி முதல்ல படிச்சப்போ, "இது எங்க டீம்ல எழுதுற டாக்குமெண்டை விடத் தெளிவா இருக்கே"ன்னு தோணுச்சு. அதுல அஞ்சு விஷயம் இருக்கு:

1. யார் கையில குடுத்தது?
2. எதுக்கு, எவ்வளவு?
3. எத்தனை நாளைக்கு?
4. எங்க எழுதி வச்சிருக்கு?
5. யார் பாத்துக்கணும்?

இந்த அஞ்சையும் இன்னைக்கு நம்ம போனுக்கு வர்ற மெசேஜ்கிட்ட கேப்போம். அதுதான் இந்த வாரப் பாடம்.

கேள்வி 1: யார் கையில குடுக்குறேன்?

2020 மார்ச் கடைசியில, கொரோனா லாக்டவுன் ஆரம்பிச்ச நேரம். பிஎம் கேர்ஸ் நிதியை அறிவிச்ச கொஞ்ச நேரத்துலயே அதே மாதிரி போலி யூபிஐ ஐடிகள் சுத்த ஆரம்பிச்சுது. உண்மையான ஐடி "பிஎம்கேர்ஸ்@எஸ்பிஐ". போலி ஐடி "பிஎம்கேர்@எஸ்பிஐ". வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து, நடுவுல வர்ற "ஸ்". டெல்லி போலீஸ்கிட்ட புகார் போய், அந்தப் போலி ஐடியை முடக்குனாங்க. நாட்டோட பிரதமர் பேர்ல இருக்குற நிதிக்கே இப்படின்னா, நம்ம பக்கத்து ஊர் அன்னதானக் குழு பேர்ல பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால முதல் பழக்கம்: க்யூஆர் ஸ்கேன் பண்ணதும் பணம் போறதுக்கு முன்னாடி ஒரு பேரு வரும் பாருங்க. அதை நின்னு படிங்க. மெசேஜ்ல ட்ரஸ்ட் பேரு, ஸ்கிரீன்ல தனி ஆள் பேருன்னா அங்கயே நிறுத்துங்க. தனி ஆள் பேர்ல வந்தாலே திருட்டுன்னு சொல்லல. தெருவுல நாலு பேர் சேந்து கஞ்சி ஊத்துறவங்க சொந்த அக்கவுண்ட்லதான் வாங்குவாங்க. ஆனா அப்போ அந்த ஆளை உங்களுக்கு நேர்ல தெரிஞ்சிருக்கணும். தெரியலைன்னா, பதிவு பண்ண அமைப்பா இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா பணம் அனுப்பாதீங்க.

பதிவு எத்தனை வகை? தமிழ்நாட்டுல பெரும்பாலும் மூணு. சார்பதிவாளர் அலுவலகத்துல பத்திரம் போட்ட ட்ரஸ்ட். 1975ஆம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம். கம்பெனிச் சட்டத்தோட 8வது பிரிவுல வர்ற லாப நோக்கமில்லாத நிறுவனம். "உங்க அமைப்பு எதுல வருது, பதிவு எண் என்ன?"ன்னு கேளுங்க. உண்மையா நடத்துறவங்க பத்து நிமிஷத்துல போட்டோ எடுத்து அனுப்பிடுவாங்க. நிதி ஆயோக்கோட தர்பண் இணையதளத்துலயும் தேடிப் பாக்கலாம். ஆனா அங்க இருக்குற விவரத்தை அமைப்புகளே பதிவு பண்றாங்க. அதுல பேரு இருந்தா அரசாங்கம் நல்லவங்கன்னு சான்று குடுத்ததா அர்த்தம் இல்ல.

இன்னொண்ணு. சிங்கப்பூர்லயோ துபாய்லயோ வெளிநாட்டுக் குடியுரிமையோட இருக்குற நண்பர்களைக் கூப்பிட்டுக் கேக்குறோம்ல? வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கு உள்துறை அமைச்சகத்துல எஃப்சிஆர்ஏ பதிவு வேணும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்தப் பணம் முதல்ல டெல்லியில இருக்குற ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்டுக்குத்தான் வரணும். "என் சொந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்க, நான் ட்ரஸ்ட்டுக்குக் குடுத்துடுறேன்"னு யாராவது சொன்னா, நல்ல எண்ணமா இருந்தாலும் அது சிக்கல்.

கேள்வி 2: எதுக்கு, எவ்வளவு?

கல்வெட்டுல "விளக்குக்கு உதவி"ன்னு பொத்தாம்பொதுவா எழுதல. 96 ஆடு, தினம் ஒரு உழக்கு நெய், ஒரு விளக்கு. குடுத்ததும் தெரியும், வர வேண்டியதும் தெரியும்.

"ஏழைகளுக்கு உதவுவோம்"னு மட்டும் சொல்ற மெசேஜ்ல அளக்க ஒண்ணும் இல்ல. "எத்தனை பேருக்கு, என்ன சாப்பாடு, எங்க, எந்தத் தேதி, மொத்தச் செலவு எவ்வளவு, இதுவரைக்கும் எவ்வளவு வந்திருக்கு"ன்னு கேட்டா பதில் வரணும். மொத்தம் எவ்வளவு வேணும்ங்கிறது முக்கியம். தேவை முடிஞ்சும் வசூல் நிக்கலைன்னா, மிச்சப் பணம் எங்க போகும்னு கேக்க வேண்டியிருக்கு.

ஆஸ்பத்திரி மெசேஜ் வந்தா இன்னும் கவனம். குழந்தை போட்டோ, டியூப், அழுற அம்மா. பாத்ததும் கை தானா ஜிபே பக்கம் போகும். இந்த மாதிரி மெசேஜ் குழந்தை குணமாகி வருஷக்கணக்கானாலும் சுத்திக்கிட்டே இருக்கும். சில தடவை போட்டோ ஒருத்தருது, நம்பர் இன்னொருத்தருதுன்னு இருக்கும். அதனால மெசேஜ்ல இருக்குற நம்பருக்குப் பேசாம, ஆஸ்பத்திரியோட சொந்த நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிடுங்க. நோயாளி விவரத்தை அவங்க சொல்ல மாட்டாங்க, அது சரிதான். ஆனா "இந்த நோயாளி கணக்குல நேரடியாப் பணம் கட்ட முடியுமா?"ன்னு கேக்கலாம். கட்ட முடிஞ்சா அங்கயே கட்டுங்க. அந்தக் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கான்னும் கேளுங்க. தகுதியான குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அதுல கிடைக்கும். உங்க 500 ரூபாயை விட, அந்தக் கார்டுக்கு அலைஞ்சு குடுக்குற அரை நாள் சில சமயம் பெரிய உதவி.

இங்க ஒரு தப்பான அளவுகோலையும் சொல்லிடுறேன். "குடுக்குற ரூபாய் முழுசும் ஏழைக்கே போகணும், ஆபீஸ் செலவு ஒரு ரூபாய்கூட இருக்கக்கூடாது"ன்னு நம்ம எதிர்பாக்குறோம். அமெரிக்காவுல தர்ம அமைப்புகளை மதிப்பிடுற கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூணும் சேந்து 2013ல ஒரு கடிதமே எழுதுனாங்க: நிர்வாகச் செலவு சதவீதத்தை மட்டும் வச்சு ஒரு அமைப்பை எடை போடாதீங்கன்னு. யோசிச்சுப் பாருங்க. ஒரு காப்பகத்துல ராத்திரி பிள்ளைகளைப் பாத்துக்குற ஆயாவுக்குச் சம்பளம் வேணாமா? கணக்கு எழுதுறவருக்கு? 96 ஆட்டை மேய்க்குற மன்றாடியும் அதுல இருந்துதானே பிழைச்சான். செலவு இருக்கலாம். ஆனா அது எதுக்குன்னு தெரியணும்.

கேள்வி 3: எத்தனை நாளைக்கு?

இந்தக் கேள்வி பணத்தை விட நம்ம நேரத்துக்குப் பொருந்தும். பணம் குடுக்குறதை விட நேரம் குடுக்குறது உசத்தின்னு நினைக்கிறோம். ஆனா தப்பா குடுத்த நேரமும் வீண்தான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தைப் போட்டு அடிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க பக்கம் நான் பாத்தது இது: மெயின் ரோட்டோரம் இருக்குற தெருவுக்கு அடுத்தடுத்து மூணு வண்டி பிரெட் வரும். உள்ள ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்குற தெருவுக்கு ஒண்ணும் வராது. எல்லாரும் உதவத்தான் வந்தாங்க. ஆனா யாரும் யார்கிட்டயும் "யாருக்கு என்ன வேணும்"னு கேக்கல. அந்த நேரத்துல உண்மையா வேலை பண்ணது, நோட்டுல தெருத் தெருவா லிஸ்ட் எழுதுன ரெண்டு அக்காதான்.

அதனால ஒரு அமைப்புக்குப் போறதுக்கு முன்னாடி "நான் என்ன பண்ணலாம்னு இருக்கேன்"னு சொல்லாதீங்க. "உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் இல்ல?"ன்னு கேளுங்க. நான் ஒரு முதியோர் இல்லத்துக்கு வெப்சைட் பண்ணித் தரேன்னு போனேன். அவங்களுக்குத் தேவைப்பட்டது, மாசம் ஒரு தடவை நாலு தாத்தாக்களை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் வரிசையில நிக்க ஒரு ஆள். வெப்சைட் எனக்குப் பிடிச்ச வேலை. வரிசையில நிக்கிறது அவங்களுக்குத் தேவையான வேலை. ரெண்டுக்கும் வித்தியாசம் புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

குழந்தைகள் காப்பகம்னா இன்னும் பொறுப்பு. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி, பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறோம். 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தோட 41வது பிரிவுப்படி காப்பகம் பதிவு பண்ணியிருக்கணும். 74வது பிரிவு, பராமரிப்பு தேவைப்படுற குழந்தையோட பேரையும் படத்தையும் அடையாளத்தையும் ஊடகங்கள்ல வெளியிடக்கூடாதுன்னு சொல்லுது. ஒரு காப்பகமே பிள்ளைங்க முகத்தைத் தாராளமாப் போட்டு வசூல் பண்ணா, யார் வந்தாலும் கேள்வி கேக்காம உள்ள விட்டா, அது எச்சரிக்கை. நல்ல காப்பகம் நம்மளைத்தான் முதல்ல விசாரிக்கும். "நீங்க யாரு, ஐடி கார்டு குடுங்க, போன் வெளியில வச்சிட்டு வாங்க"ன்னு கேட்டா கோபப்படாதீங்க. சந்தோஷப்படுங்க. சந்தேகம் இருந்தா கலெக்டர் அலுவலகத்தோட சேந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விசாரிக்கலாம். பிள்ளைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா 1098.

கேள்வி 4: எங்க எழுதி வச்சிருக்கு?

அன்னைக்குக் கல்லு. இன்னைக்கு ரசீது, ஆடிட் ரிப்போர்ட்.

ரசீதுல அமைப்போட பேரு, முகவரி, பான் எண், வரிசை எண், தேதி இருக்கணும். "80ஜி இருக்கு"ன்னு சொன்னா அந்த உத்தரவோட எண்ணைக் கேளுங்க. அதுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதையும் பாருங்க. 80ஜி உள்ள அமைப்பு, நீங்க குடுத்த நன்கொடையை வருமான வரித் துறைக்கு அறிக்கையா தாக்கல் பண்ணி, 10பிஇ படிவத்துல உங்களுக்குச் சான்று குடுக்கணும். நிதியாண்டு முடிஞ்சு மே 31க்குள்ள அது வரணும். ரசீது மட்டும் குடுத்துட்டு 10பிஇ வரவே இல்லைன்னா, உங்க பணம் அவங்க கணக்குல ஏறுச்சான்னு கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. 2026 ஏப்ரல் 1லிருந்து புது வருமான வரிச் சட்டத்துல இந்தப் பிரிவு எண், படிவ எண் எல்லாம் வேற. கேள்வி மாறாது.

ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா 80ஜி கழிவு கிடையாது. நீங்க புது வரி முறையில இருந்தா 80ஜி கழிவே கிடையாது. வேலைக்குச் சேந்த நம்ம வயசுப் பசங்க நிறைய பேர் புது முறையிலதான் இருக்கோம். அதனால "டாக்ஸ் மிச்சமாகும்"னு ஒருத்தர் அழுத்திச் சொன்னா, உங்களுக்கு அது பொருந்துதான்னு பாருங்க. அதைவிட முக்கியம், 80ஜி வரிச் சலுகைக்கான அனுமதி மட்டும்தான். சோறு சூடா இருந்துச்சா, பிள்ளை படிச்சுச்சான்னு அது சொல்லாது.

கோயிலுக்கே குடுக்கணும்னா வழி சுலபம். அறநிலையத் துறை இணையதளத்துல இருந்தோ, கோயில் அலுவலகத்துல நேர்லயோ அன்னதானத்துக்குக் கட்டி ரசீது வாங்கலாம். நம்ம திருத்தணியில 2021 செப்டம்பர்ல இருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்குது. சிறுவாபுரிக்குச் செவ்வாய்க்கிழமை போறவங்க, வெளியில யாரோ நீட்டுற நோட்டுல பேரு எழுதுறதுக்கு முன்னாடி உள்ள அலுவலகத்துல ஒரு நிமிஷம் கேளுங்க: "இது கோயில் வசூலா?" அந்த ஒரு நிமிஷம் போதும். திருப்பணிக்குன்னு வெளியில வசூல் நடந்தாலும் இதே கேள்விதான்.

கேள்வி 5: யார் பாத்துக்கணும்?

நாமதான். பன்மாகேஸ்வர ரக்ஷைன்னா அதுதானே. ராஜா பாத்துப்பார்னு விட்டுடாம, அந்தக் கோயிலுக்கு வர்ற அடியார்கள் கையில பொறுப்பைக் குடுத்தாங்க. இன்னைக்குப் போலீஸ் இருக்கு, வரித் துறை இருக்கு. ஆனா அவங்க வர்றது பெரும்பாலும் பணம் போனதுக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி ஒருத்தர் நேர்ல போய்ப் பாத்தா போதும்.

நேர்ல போங்க. நல்ல நாள், பண்டிகை நாள்ல போகாதீங்க. அன்னைக்கு எல்லா இடமும் நல்லாத்தான் இருக்கும். சும்மா ஒரு புதன்கிழமை, முன்கூட்டியே அனுமதி கேட்டு, சாப்பாட்டு நேரத்துக்குப் போங்க. சமையக்கட்டு, கழிப்பறை, மருந்து வைக்கிற இடம், இந்த மூணையும் பாத்தா பேப்பர்ல இல்லாதது தெரியும். அங்க வேலை பாக்குற அக்காகிட்ட "எத்தனை வருஷமா இருக்கீங்க, சம்பளம் ஒழுங்கா வருதா"ன்னு மெதுவாப் பேசிப் பாருங்க.

இதுல ஒரு நியாயமும் பாக்கணும். பேப்பர் எல்லாம் பக்காவா இருக்குற இடம் நல்ல இடம்னும் இல்ல, பேப்பர் இல்லாத சின்னக் குழு மோசம்னும் இல்ல. வள்ளலாரை நினைச்சுக்கோங்க. சின்ன வயசுல சென்னைக் கந்தகோட்டத்து முருகனைப் பாடுனவர் அவர். 1867 மே 23ஆம் தேதி வடலூர்ல சத்திய தருமச்சாலையை ஆரம்பிச்சார். அதுக்கு நிலம் குடுத்தது அந்தப் பகுதி ஊர் மக்கள். அன்னைக்கு மூட்டுன அடுப்பு இன்னைக்கும் எரியுது. அந்த மக்கள் 80ஜி பாத்துக் குடுக்கல. ஆளைப் பாத்தாங்க, அவர் வாழுறதைப் பாத்தாங்க, பசிச்சவன் சாப்பிடுறதைப் பாத்தாங்க. பக்கத்துல இருக்குற தர்மத்துக்குக் கண்ணே சாட்சி. தூரத்துல இருக்குறதுக்குத்தான் காகிதம் வேணும்.

அதனால தொகைக்குத் தகுந்த சோதனை போதும். 50 ரூபாய்க்கு ஆடிட் ரிப்போர்ட் கேக்க வேணாம். பசிக்குதுன்னு எதிர்ல வந்து நிக்கிறவர்கிட்ட பான் கார்டு கேக்க வேணாம், சாப்பாடு வாங்கிக் குடுங்க. மாசாமாசம் குடுக்கப் போறீங்களா, 5,000 ரூபாய்க்கு மேல குடுக்கப் போறீங்களா, இல்ல மத்தவங்ககிட்ட கேக்கச் சொல்லி ஃபார்வர்ட் பண்ணப் போறீங்களா? இந்த மூணுல எதுவா இருந்தாலும் அஞ்சு கேள்வியும் கேட்டே ஆகணும். மூணாவதுக்குத் தொகை கணக்கே இல்ல. ஃபார்வர்ட் பண்ற அந்த நொடியில, உங்க மேல இருக்குற நம்பிக்கையை நீங்க கடன் குடுக்குறீங்க.

ஏமாந்துட்டா?

வெக்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930க்கு ஃபோன் பண்ணுங்க. சைபர் கிரைம் இணையதளத்துல புகார் போடுங்க. பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட், யூடிஆர் எண், அந்த மெசேஜ், நம்பர் எதையும் அழிக்காதீங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணம் அடுத்த அக்கவுண்ட்டுக்குப் போறதுக்குள்ள நிறுத்துற வாய்ப்பு அவ்வளவு அதிகம். அப்புறம், எந்தக் குரூப்ல ஃபார்வர்ட் பண்ணீங்களோ அதே குரூப்ல "நான் போட்டது தப்பு"ன்னு எழுதுங்க. நான் அன்னைக்கு எழுதல. தனித்தனியா நாலு பேர்கிட்ட மட்டும் சொன்னேன். மத்தவங்க அந்தப் பந்தல்ல தங்க காசுல சோறு போட்டாங்கன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. பணம் போனதை விட எனக்கு உறுத்துறது அதுதான்.

இந்த வாரப் பயிற்சி

நீங்க கடைசியா நன்கொடை அனுப்புன ஒரு இடத்தை எடுத்துக்கோங்க. ஒரு பேப்பர்ல அஞ்சு கேள்வியையும் எழுதி, பக்கத்துல பதில் எழுதுங்க. பதில் தெரியாத இடத்துல அவங்களுக்கு ஃபோன் பண்ணி மரியாதையாக் கேளுங்க. "சந்தேகப்பட்டுக் கேக்கல அண்ணா, இன்னும் நாலு பேர்கிட்ட சொல்லணும், அதுக்குத்தான் கேக்குறேன்"ன்னு சொல்லுங்க. நல்லவங்க பதில் சொல்ல சந்தோஷப்படுவாங்க. இத்தனை நாள் யாருமே கேக்கலையேன்னு இருந்திருப்பாங்க.

எங்க குரூப்ல இப்போ ஒரு வழக்கம் வச்சிருக்கோம். வசூல் மெசேஜ் எது வந்தாலும், நேர்ல போய்ப் பாத்த ஒருத்தர் தன் பேரைப் போட்டு "நான் பாத்தேன்"னு எழுதுன பிறகுதான் ஃபார்வர்ட். ஒருத்தரும் போய்ப் பாக்கலைன்னா அது அங்கயே நிக்கும். போன ஆடிக் கிருத்திகைக்கு ஒரு அன்னதானக் குழு கேட்டாங்க. சமையல் நடக்குற இடத்தைப் போய்ப் பாத்துட்டு வந்து முதல்ல பேரு போட்டவர், அதே அண்ணன்தான். நைட் ஷிஃப்ட் முடிச்சு, தூங்காம, ரயில் ஏறிப் போய்ட்டு வந்திருக்கார். "அரிசி மூட்டையை எண்ணிப் பாத்தேன் தம்பி. சரியா இருக்கு. நீ போடு"ன்னார்.

போட்டேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!